10-0 தோல்விக்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டது

பதினைந்து வயதில் ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் 10-0 என்று தோற்றேன். வித்தியாசம் 10 புள்ளியைத் தொட்டால் நடுவர் அங்கேயே ஆட்டத்தை முடித்துவிடுவார். முதல் சுற்றுகூட முடியவில்லை. குழு விளையாட்டு என்றால் பழியைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். இங்கே விரிப்பில் நானும் அவனும்தான். அதனால் நடுவரைத் திட்டினேன், என் ஷூவைத் திட்டினேன். இரண்டு வாரம் பயிற்சிக்கே போகவில்லை.

திரும்பிப் போனபோது பயிற்சியாளர் வீடியோவைப் போட்டார். "அவனப் பாக்காத, உன் இடுப்ப மட்டும் பாரு" என்றார். அப்போதுதான் உறைத்தது. காலைப் பிடித்து என்னைச் சாய்த்ததில் அவனுக்குக் கிடைத்தது 4 புள்ளிதான். மீதி 6 புள்ளியும் கீழே கிடந்த என்னை மூன்று முறை உருட்டியே எடுத்தது. விழுந்ததுமே நான் மனதில் தோற்றுவிட்டேன். இடுப்பைத் தூக்கிக்கொண்டு, உருட்டுவதற்கு வாகாகக் கிடந்திருக்கிறேன்!

அன்றிலிருந்து தினமும் கடைசிப் பத்து நிமிடம் குப்புறக் கிடந்த நிலையில்தான் தொடங்குவேன். இடுப்பை விரிப்போடு அழுத்தி, முழங்கையை ஒட்டி வைத்து, உருட்ட வருபவனுக்குக் கை நுழைய இடம் கொடுக்காமல் இருக்கும் பயிற்சி. பார்க்க அழகாக இருக்காது. கூடவே ஒரு நோட்டு: தோற்ற ஆட்டத்துக்கு ஒரே ஒரு வரி, அதுவும் நான் திருத்தக்கூடியது மட்டும். நடுவருக்கு அதில் இடமில்லை.

அடுத்த வருடம் அதே பையனிடம் மறுபடி தோற்றேன், 6-4. ஆனால் ஒருமுறைகூட அவனால் என்னை உருட்ட முடியவில்லை. கை குலுக்கிவிட்டு, "எப்படிடா?" என்று அவனே கேட்டான்.