பள்ளிக் குழுமங்கள் இணையும்போது ஒப்பந்தங்களைக் கையாள்வது எப்படி?

இங்கிலாந்தில் இரண்டு அகாடமி டிரஸ்ட்கள் (உள்ளாட்சி மன்றத்தைச் சாராமல், அரசு நிதியில் பள்ளிகளை நடத்தும் அமைப்புகள்) இணையும்போது, பெரும்பாலும் சிறிய டிரஸ்ட் தன் பள்ளிகளைப் பெரியதிடம் ஒப்படைத்துவிட்டுக் கலைக்கப்படுகிறது. கணக்காண்டு செப்டம்பர் 1இல் தொடங்குவதால் பல இணைப்புகள் அந்த நாளுக்கே திட்டமிடப்படுகின்றன. அத்தகைய ஓர் இணைப்பில் கொள்முதல் பொறுப்பு என்னிடம் வந்தது. பள்ளி அலுவலகப் பணிக்குப் புதிதாக வந்திருக்கும் நம்மவர்களுக்குப் பயன்படட்டும் என்று, அப்போது செய்தவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

முதல் படி: ஒப்பந்தங்களைக் கோப்பில் தேடாமல் வங்கிக் கணக்கில் தேடுங்கள். கடந்த 24 மாத வங்கி அறிக்கைகளை எடுத்து, ஒவ்வொரு டைரக்ட் டெபிட்டுக்கும் (கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் தொகைக்கும்) எதிரே அதற்குரிய ஒப்பந்தத்தின் நகலை வையுங்கள். நகல் கிடைக்காத வரிகளைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும்.

இரண்டாம் படி: ஒரே அட்டவணை. இதற்கென விற்கப்படும் மென்பொருள்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். இருவர் மட்டுமே திருத்தக்கூடிய ஓர் எக்செல் தாள் போதும். ஆனால் அதை ஒப்பந்தம் முடியும் நாளின்படி வரிசைப்படுத்தாமல், விலகுவதாக அறிவிக்க வேண்டிய கடைசி நாளின்படி வரிசைப்படுத்துங்கள். இந்த வேறுபாட்டை நான் அறிந்துகொண்டது ஒரு நகல் இயந்திரத்தால்.

ஒரு தொடக்கப் பள்ளியின் அலுவலகத்தில் இருந்த அந்த இயந்திரத்தின் பக்கவாட்டில், பராமரிப்பு நிறுவனத்தின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒட்டப்பட்டிருந்தன. அந்த நிறுவனத்துக்கு விலகல் கடிதம் அனுப்பினேன். ஏற்றுக்கொண்டதாகப் பதிலும் வந்தது. நவம்பரில், நான் அதுவரை கேள்விப்பட்டிராத ஒரு நிதி நிறுவனத்தின் பெயரில் காலாண்டு வாடகை கணக்கிலிருந்து போயிருந்தது. பராமரிப்பு ஓர் ஒப்பந்தம், இயந்திரத்தின் குத்தகை வேறோர் ஒப்பந்தம் என்பது அப்போதுதான் தெரிந்தது. குத்தகைத் தாளின் பின்பக்கத்தில், சாம்பல் நிறச் சிற்றெழுத்தில், முடிவதற்கு 90 நாட்களுக்கு முன் எழுத்தில் அறிவிக்காவிட்டால் மேலும் 12 மாதங்கள் தொடரும் என்றிருந்தது. உறை போட்டுக் கிடங்கில் நிறுத்தியிருந்த இயந்திரத்துக்கு ஓராண்டு வாடகை கட்டினோம். ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் உரிமையாளர் யார், பராமரிப்பவர் யார் என்று இரண்டு தனி நெடுவரிசைகளை வையுங்கள். நிதிக் குத்தகை (கருவியின் பயனும் பொறுப்பும் பெரும்பாலும் குத்தகைக்கு எடுப்பவரையே சேரும் வகை) கடனாகவே கருதப்படுவதால், கல்வித் துறை அனுமதித்துள்ள வகைகளில் அது அடங்குகிறதா என்பதையும் தணிக்கையாளரிடம் கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: பெயர் மாற்றம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கும் தரப்பு யார் என்று பாருங்கள். சட்டப்படி தரப்பாக இருக்க வேண்டியது டிரஸ்ட். ஆனால் பள்ளியின் பெயரிலும், சில வேளைகளில் பழைய உள்ளாட்சி மன்றத்தின் பெயரிலும்கூட ஒப்பந்தங்கள் இருக்கும். வெறும் உரிமை மாற்றத்தில் பயன்கள் மட்டுமே புதிய டிரஸ்டுக்கு வரும், கடமைகள் பழையதிடமே நிற்கும். அந்தப் பழைய டிரஸ்ட் கலைக்கப்படவிருப்பதால், பழைய டிரஸ்ட், புதிய டிரஸ்ட், விநியோகஸ்தர் ஆகிய மூவரும் கையெழுத்திட்டு, பயன்களையும் கடமைகளையும் சேர்த்தே மாற்றும் நொவேஷன் பத்திரமே வேண்டும். விநியோகஸ்தர் மறுக்கலாம், அல்லது சம்மதிப்பதற்குக் கட்டணம் கேட்கலாம். எனவே ஈஸ்டர் விடுமுறைக்கு முன்பே கடிதங்கள் போய்விட வேண்டும்.

நான்காம் படி: ஒன்றுசேர்த்து வாங்குவது. ஒரு டிரஸ்டின் மூன்றாண்டுத் துப்புரவுச் செலவு 1,50,000 பவுண்டு, மற்றதன் செலவு 1,20,000 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியே இரண்டும் வரம்புக்குள் இருந்தாலும், ஒரே ஒப்பந்தமாக்கினால், 2026 ஜனவரி 1 முதல் வாட் (மதிப்புக் கூட்டு வரி) உட்பட 2,07,720 பவுண்டாக உள்ள வரம்பைத் தாண்டிவிடும்; அப்போது 2023ஆம் ஆண்டுக் கொள்முதல் சட்டத்தின் முழு நடைமுறையையும் பின்பற்ற வேண்டும். ஆண்டுச் செலவைக் கொண்டு கணக்கிடாமல், ஒப்பந்தக் காலம் முழுவதற்குமான மதிப்பைக் கணக்கிட வேண்டும். அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த 2025 பிப்ரவரி 24க்கு முன் பழைய விதிகளின்படி தொடங்கிய கொள்முதல்கள், முடியும்வரை அந்த விதிகளுக்கே உட்பட்டவை.

துப்புரவு நிறுவனத்தை மாற்றினால், அங்கே பணிபுரிவோர் 2006ஆம் ஆண்டின் டூப்பி (TUPE) விதிகளின்படி, அதாவது பணி கைமாறும்போது பணியாளர்களைப் பாதுகாக்கும் விதிகளின்படி, அதே பணி நிபந்தனைகளோடு புதிய நிறுவனத்துக்குச் செல்வார்கள். பழைய நிறுவனம் அவர்களது விவரங்களைக் குறைந்தது 28 நாட்களுக்கு முன் தந்தால் சட்டத்துக்குப் போதும்; ஆனால் விலைப்புள்ளி தருவோருக்கு அவை பல மாதங்களுக்கு முன்பே தேவை. இனி எழுதும் ஒப்பந்தங்களில், கேட்டவுடன் தர வேண்டும் என்று ஒரு விதியைச் சேர்த்துவிடுங்கள். காலை ஐந்து மணிக்கு வந்து வகுப்பறைகளைத் துடைப்பவர்களின் ஊதியமும் விடுப்பும் நம் அவசரத்தால் குழம்பக் கூடாது.

பிற்சேர்க்கை: மின்சாரத்தைப் பற்றி இருவர் கேட்டிருந்தார்கள். பெயர் மாறுவதைக் குடியிருப்பவர் மாறியதாகக் கொண்டு, சில நிறுவனங்கள் பழைய ஒப்பந்தத்தை முடித்துவிட்டு, ஒப்பந்தமற்றோருக்கான உயர்ந்த விலையில் கட்டணம் போடுவதுண்டு. பழைய விலையே தொடரும் என்பதை எழுத்தில் பெறுங்கள். இணைப்பு நாளன்று ஒவ்வொரு பள்ளியிலும் மீட்டரின் எண்களை, தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். ஆகஸ்ட் கடைசியில் பள்ளிகள் பூட்டியிருக்கும் என்பதால், சாவி யாரிடம் இருக்கிறது என்று ஜூலையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.