சென்னைக்குப் புதிதாக வந்திருக்கும் குடும்பங்களுக்கு: பூங்காவில் குழந்தையின் பிறந்தநாள்

இலங்கையிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் சென்னைக்குக் குடிவரும் தமிழ்க் குடும்பங்களுக்கு மொழி தடையாக இருப்பதில்லை. ஊர் நடைமுறை பிடிபடத்தான் சில மாதங்கள் ஆகின்றன. குழந்தையின் பிறந்தநாளைப் பூங்காவில் கொண்டாட நினைக்கும்போது அது நன்றாகவே தெரியவரும். சிங்கப்பூரில் பூங்காவிலுள்ள பார்பிக்யூ மேடையை இணையத்தில் முன்பதிவு செய்து, கட்டணம் கட்டி, அந்த நேரம் முழுவதும் அந்த இடம் நமக்கே உரியது என்று இருந்து பழகியவர்கள், சென்னையில் குடியிருப்புப் பகுதிப் பூங்காவில் அதே ஏற்பாட்டை எதிர்பார்க்க வேண்டாம். இங்கே பூங்கா என்பது நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்களுக்கும், பள்ளி விட்டு வந்து ஊஞ்சலுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கும், காற்று வாங்க வந்து சிமெண்ட் பெஞ்சில் அமர்ந்திருப்பவர்களுக்கும் பொதுவானது; அதன் ஒரு மூலையைச் சிறிது நேரம் நாமும் பயன்படுத்திக்கொள்கிறோம் என்ற எண்ணத்தோடு திட்டமிட்டால் விழா சிறியதாகவும் நிறைவாகவும் அமையும். ஹால் பிடித்து, ஒலிபெருக்கி வைத்து, விளையாட்டு நடத்துவதற்கென ஆள் அமர்த்திக் கொண்டாடுவதைவிட இதையே நான் உறுதியாகப் பரிந்துரைப்பேன். பத்துக் குழந்தைகளைச் சறுக்குமரத்தின் அருகே விட்டுவிட்டால் போதும். விளையாட்டை அவர்களே அமைத்துக்கொள்வார்கள்.

எந்தப் பூங்கா என்பதில் பெயர் பெற்ற இடங்களை நாட வேண்டியதில்லை. கதீட்ரல் சாலையில் 2010-இல் திறக்கப்பட்ட செம்மொழிப் பூங்காவும், கிண்டி சிறுவர் பூங்காவும் நுழைவுக் கட்டணம் உள்ளவை. வெளி உணவு, பைகள் குறித்து அவற்றுக்கெனத் தனி விதிகள் உண்டு. கிண்டிக்குக் குழந்தைகளை அழைத்துச் சென்று மானையும் பறவைகளையும் காட்டிவிட்டு, கேக்கை வீட்டில் வெட்டுவதே முறை. கிண்டி சிறுவர் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதையும் நினைவில் வையுங்கள். 1968-இல் உலக வர்த்தகக் கண்காட்சியையொட்டி எழுந்த கோபுரம் நிற்கும் அண்ணா நகர்ப் பூங்கா பரப்பில் பெரியது. மெட்ரோ நிலையமும் அருகிலேயே இருப்பதால் தொலைவிலிருந்து வரும் விருந்தினருக்கு வசதி. எனினும் மாலையில் அங்கும், மயிலாப்பூர் லஸ் பகுதியிலுள்ள நாகேஸ்வர ராவ் பூங்காவிலும் நடப்பவர்கள் மிகுதி. நடைபாதையை மறித்துக்கொண்டு பாய் விரிப்பதைவிட, உங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளியிருக்கும் சிறிய மாநகராட்சிப் பூங்காவே மேல். மறந்துபோன கத்தியையோ தீப்பெட்டியையோ வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவரலாம்.

விழாவுக்கு ஒரு வாரம் முன்பு, நீங்கள் நினைத்திருக்கும் அதே கிழமையில், அதே நேரத்தில் பூங்காவுக்கு ஒரு முறை போய்வாருங்கள். கழிப்பறை திறந்திருக்கிறதா, விளக்குகள் எரிகின்றனவா, நாய்கள் எங்கே படுத்திருக்கின்றன, நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பூங்காவின் காவலாளியிடம் நேரடியாகப் பேசி, எத்தனை பேர் வருவார்கள் என்பதைச் சொல்லி, கேக் வெட்டலாமா, நண்பகலில் பூட்டிய வாயிலை மாலை எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று கேளுங்கள். அவர் தயங்கினால் மாநகராட்சியின் வார்டு அலுவலகத்தில் கேட்கலாம். மாநகராட்சியின் உதவி எண் 1913. சில பூங்காக்களைப் பராமரிப்பதில் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கும் பங்குண்டு என்பதால், அத்தகைய இடங்களில் சங்கச் செயலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது பின்னால் வரக்கூடிய மனத்தாங்கலைத் தவிர்க்கும். திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்க எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும். குழந்தைகள் விழாவுக்கு ஒலிபெருக்கியே தேவையில்லை.

நாளையும் நேரத்தையும் முடிவு செய்வதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை சென்னையின் மாலைப்பொழுது பூங்காவுக்கென்றே அமைந்ததுபோல் இருக்கும். மே முதல் வாரத்தில் தொடங்கி அம்மாத இறுதிவரை நீளும் கத்திரி வெயிலில் நான்கு மணிக்குக் குழந்தைகளை வெளியே அழைப்பது தவறு. சறுக்குமரத்தின் இரும்புத் தகடு அப்போதும் சுடும். அந்த மாதத்தில் பிறந்த குழந்தைக்குக் காலை ஆறரை மணி விழாவே சிறந்தது. இட்லியும் கேசரியுமாகக் காலை உணவோடு முடித்துவிடலாம். விடுமுறைக் காலம் என்பதால் பிள்ளைகளும் மகிழ்ச்சியோடு வருவார்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை பகல் முழுவதும் வெயிலடித்துவிட்டு மாலையில் திடீரென்று இடியுடன் மழை கொட்டுவது வழக்கம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் பூங்காவை மட்டும் நம்பாமல், அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையையோ கார் நிறுத்தும் இடத்தையோ மாற்று ஏற்பாடாகச் சொல்லி வைத்திருங்கள். நவம்பரில் 5.40 மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும். ஜூன், ஜூலையில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கூடுதலாக வெளிச்சம் கிடைக்கும். இருட்டத் தொடங்கியதும் கொசு வந்துவிடும் என்பதால், கேக் வெட்டுவதை அதற்கு அரை மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும். நான்கரை மணி என்று அழைத்தால் ஐந்து மணிக்கு மேல்தான் கூட்டம் சேரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அழைப்பைப் பள்ளித் தாய்மார்களின் வாட்ஸப் குழுவில் அனுப்பினால், வருகிறோம் என்றோ இல்லை என்றோ எல்லாரும் பதில் தருவதில்லை. பதில் தராதவர்களும் வருவார்கள். தம்பி தங்கையோடும் பாட்டியோடும் வருவார்கள். அதனால் உணவைச் சற்றுத் தாராளமாகவே கணக்கிட வேண்டும். சைவ உணவும் முட்டை சேர்க்காத கேக்கும் எல்லா வீட்டுப் பிள்ளைகளுக்கும் பொருந்தும். புரட்டாசியில் பல வீடுகளில் மாதம் முழுவதும் அசைவம் தொடுவதில்லை. கிரீம் அதிகமுள்ள கேக் இந்த வெப்பத்தில் சரிந்துவிடும் என்பதால், வெட்டும் நேரத்துக்குச் சற்று முன்புதான் அதை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். தேங்காய்ச் சட்னி வெயிலில் சீக்கிரம் கெட்டுவிடும். அதற்குப் பதிலாக எண்ணெயில் குழைத்த மிளகாய்ப் பொடியை மினி இட்லியில் புரட்டிக் கொண்டுபோங்கள். குழந்தைகள் பல்குத்தும் குச்சியால் குத்தி எடுத்து ஓடிக்கொண்டே சாப்பிடுவார்கள், கையும் சட்டையும் கறைபடாது. பாத்திரத்தை மூடியே வைத்திருங்கள். காக்கை ஒரு நொடி போதும் என்று மேலே காத்திருக்கும். தண்ணீருக்கு 20 லிட்டர் கேன் ஒன்றும், வீட்டிலுள்ள எவர்சில்வர் டம்ளர்களும் போதும்.

கேக் பெட்டியைத் திறந்ததும் ஊஞ்சல்கள் காலியாகும். நீங்கள் அழைக்காத பிள்ளைகளும் இரண்டடி தள்ளி வந்து நின்று மேசையையே பார்ப்பார்கள். அருகில் வரமாட்டார்கள், போகவும் மாட்டார்கள். அவர்களை விலக்கிவிட்டு நம் பிள்ளைகளுக்கு மட்டும் துண்டு போடுவது பொது இடத்தில் செய்யத்தகாத செயல் என்பது என் திடமான கருத்து. வாங்க நினைத்ததைவிட ஒரு கிலோ பெரிய கேக்காக வாங்குங்கள். அது கடினமென்றால் ஒரு பெரிய பொட்டலம் கடலைமிட்டாய் வைத்திருங்கள். எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்திக் கொடுங்கள். காவலாளிக்கும், பூங்காவைப் பெருக்கும் அம்மாவுக்கும் மிஞ்சியதைக் கொடுக்காமல் முதலிலேயே தட்டு வைத்துக் கொடுங்கள்.

பலூன் வாங்கும்போது எச்சரிக்கை தேவை. இங்கே விற்பனைக்கு வரும் கேஸ் பலூன்களில் ஹைட்ரஜன் நிரப்பப்படுவதும் உண்டு. மெழுகுவத்தியின் அருகே அது தீப்பிடித்து வெடிக்கும். பனிபோல் தெறிக்கும் ஸ்பிரேயும் எளிதில் தீப்பற்றக்கூடியது. இரண்டையும் விட்டுவிட்டு வாயால் ஊதிய பலூன்களை நூலில் கட்டுங்கள். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தட்டு, குவளை, உறிஞ்சுகுழல் ஆகியவற்றுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை உள்ளது. பலூன் கட்டும் பிளாஸ்டிக் குச்சிக்கும் அலங்காரத் தெர்மாகோலுக்கும் 2022 ஜூலை முதல் நாடு முழுவதும் தடை. பாக்குமட்டைத் தட்டுகள் எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்றன. மரத்தில் ஆணி அடிக்காதீர்கள். ஜிகினாத் துகள் தூவினால் புல்லிலிருந்து அதைப் பொறுக்கி எடுக்கவே முடியாது.

கிளம்பும்போது உணவுக் கழிவை ஒரு பையிலும் காகிதம், அட்டை, வெடித்த பலூன் துண்டுகளை இன்னொரு பையிலும் போட்டு வீட்டுக்கே எடுத்துச் சென்று, மறுநாள் காலை தூய்மைப் பணியாளரிடம் பிரித்தே கொடுங்கள். பூங்காவின் சிறிய தொட்டி ஒரு விழாவின் குப்பையைத் தாங்காது, இரவில் நாய்கள் அதைக் கிளறிப் பரப்பிவிடும். வந்த குழந்தைகளுக்கு ரிட்டர்ன் கிஃப்ட் கொடுப்பது இங்கே எதிர்பார்க்கப்படும் வழக்கம். வண்ணப் பென்சில் பெட்டியோ சிறு கதைப் புத்தகமோ போதுமானது. அதை வாயிலருகே நின்று, குழந்தையை அழைத்துப்போகும் பெரியவரின் கையில் கொடுத்தால், எந்தப் பிள்ளை யாருடன் கிளம்பியது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.