டிபென்டன்சி இல்லை என்று மிண்ட் முரண்டு பிடித்தால்

பிரிக்பீல்ட்ஸில் டியூஷன் சென்டர் நடத்தும் அக்கா ஒருவருக்குப் பழைய லேப்டாப்களில் லினக்ஸ் மிண்ட் 22 ஆப்பரேட்டிங் சிஸ்டம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஏதாவது சாப்ட்வேர், தனக்கு வேண்டிய துணை சாப்ட்வேர் (டிபென்டன்சி) கிடைக்காமல் ஏறவில்லை என்றால் எனக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ வரும். அதுவும் கடைசி வரி மட்டும். "தம்பி, முடியாதுன்னு சொல்லுது." கடைசி வரி வெறும் புலம்பல்தான், காரணம் அதற்கு நாலு வரி மேலே இருக்கும். முழுத் திரையையும் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மேலே உள்ள வரிகளில் ‘டிபென்ட்ஸ்’ என்று தொடங்குவதைத் தேடுங்கள். அது ‘நாட் இன்ஸ்டாலபிள்’ என்று முடிந்தால், அந்தப் பெயரில் போடக்கூடிய பேக்கேஜ் (சாப்ட்வேர் பொட்டலம்) உங்கள் சிஸ்டத்துக்குத் தெரிந்த எந்த ரெப்போவிலும் (பேக்கேஜ்கள் இருக்கும் ஆன்லைன் கிடங்கு) இல்லை. ‘நாட் கோயிங் டு பி இன்ஸ்டால்ட்’ என்று முடிந்தால் பேக்கேஜ் இருக்கிறது, ஆனால் வேறு ஏதோ ஒன்றோடு அதற்கு ஒத்துப்போகவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. இதைப் பார்க்காமல் கூகுளில் கிடைத்த கட்டளைகளை ஒட்டிக்கொண்டே போனால் சிக்கல்தான் கூடும்.

எப்படியிருந்தாலும் முதலில் டெர்மினலில் ‘சூடோ ஆப்ட் அப்டேட்’ அடியுங்கள். ஆப்ட் என்பது பேக்கேஜ்களை இறக்கிப் போடும் கருவி. அதிலேயே 404 வந்தால் ‘சாப்ட்வேர் சோர்ஸஸ்’ திறந்து மிரரை (ரெப்போவின் நகல் சர்வர்) மாற்றுங்கள். பக்கத்து மிரர் வேகமாக இருக்கும், ஆனால் சில சமயம் பின்தங்கிவிடும்.

இப்போது பெயர் இல்லாத, அதாவது ‘நாட் இன்ஸ்டாலபிள்’ கதை. மிண்ட் 22-இன் அடித்தளம் உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸ். மிண்ட் 21-க்கு 22.04. இந்த இரண்டுக்கும் நடுவில் பல லைப்ரரிகளின் (புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் துணைப் பைல்கள்) பெயர் மாறிவிட்டது. 32 பிட் நேரக் கணக்கு 2038 ஜனவரி 19-இல் நிரம்பிவிடும் என்பதால் அதை 64 பிட்டுக்கு மாற்றினார்கள், அப்போது பெயருக்குப் பின்னால் ‘டி64’ ஒட்டிக்கொண்டது. நம் லேப்டாப் 64 பிட்தானே என்றால், அதிலும் பெயர் மாறித்தான் இருக்கிறது. அதனால் 22.04 காலத்துக் குறிப்பைப் பார்த்து ‘லிப்அசவுண்ட்2’ கேட்டால் ஆப்ட் மறுக்கும். அந்தப் பெயருக்கு இரண்டு பேக்கேஜ்கள் நான்தான் என்று கை தூக்குகின்றன, எது வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ‘லிப்அசவுண்ட்2டி64’ என்று கேளுங்கள், ஏறிவிடும். ஆப்இமேஜ் பைல்கள் (இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் ஒற்றைப் பைல்கள்) கேட்கும் ‘லிப்பியூஸ்2’-க்கு ஒரே ஆள்தான் இருப்பதால் ஆப்ட் தானாகவே டி64-ஐ எடுத்துக்கொள்ளும்.

டவுன்லோட் செய்த டெப் பைலை (ஒரு பேக்கேஜ் அடங்கிய பைல்) ‘டிபிகேஜி’ கட்டளை கொண்டு போடாதீர்கள். அது டிபென்டன்சியைத் தேடிக் கொண்டுவராது, குறை மட்டும் சொல்லும். ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால்’ அடித்து, பைல் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளியும் சாய்கோடும் வையுங்கள். அவை இல்லாவிட்டால் ஆப்ட் அந்தப் பெயரை ரெப்போவில் தேடப் போய்விடும். ஏற்கெனவே பாதியில் நிற்கிறதா? ‘சூடோ ஆப்ட் --பிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்’. ஆனால் ஒய் அடிக்குமுன் எதையெல்லாம் நீக்கப்போகிறது என்ற பட்டியலைப் படியுங்கள். அதில் ‘சினமன்’ என்று இருந்தால் கையை எடுத்துவிடுங்கள், டெஸ்க்டாப்பே போய்விடும்.

ஒத்துப்போகாத வகை என்றால் ‘ஆப்ட்-மார்க் ஷோஹோல்ட்’ கொடுத்து ஏதாவது பேக்கேஜ் மாறாமல் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், யாரோ சொல்லிச் சேர்த்த பிபிஏ, அதாவது வெளியார் ரெப்போ, இருக்கிறதா என்று பாருங்கள். ‘ஆப்ட் பாலிசி’ என்று அடித்துப் பேக்கேஜ் பெயரைக் கொடுத்தால் எந்தப் பதிப்பு எங்கிருந்து வருகிறது என்று காட்டும். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் அங்கேதான் முடிச்சு.

ஜிப்பாக வந்த புரோகிராம் சத்தமில்லாமல் மூடிக்கொண்டால் ‘எல்டிடி’ கட்டளையை அதன் மேல் ஓட்டுங்கள், ‘நாட் பவுண்ட்’ என்று காட்டும் வரிகள்தான் இல்லாதவை. நம்பிக்கையில்லாத பைலில் மட்டும் வேண்டாம், எல்டிடி சில சமயம் பைலையே ஓட்டிவிடும். எந்தப் பேக்கேஜில் அந்த லைப்ரரி இருக்கிறது என்று ‘ஆப்ட்-பைல் சர்ச்’ சொல்லும். ஆப்ட்-பைலை இன்ஸ்டால் செய்ததும் ஒருமுறை ‘ஆப்ட்-பைல் அப்டேட்’ கொடுக்க வேண்டும்.

‘லிப்எஸ்எஸ்எல்1.1’ கேட்கும் பழைய சாப்ட்வேருக்கு உபுண்டு 20.04-இலிருந்து அந்த டெப்பை இறக்கிப் போடச் சொல்லுவார்கள். ஓடத்தான் செய்யும். ஆனாலும் நான் போட மாட்டேன், மிண்ட் 22-இன் அப்டேட்டில் அந்த லைப்ரரிக்குப் பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராது. அதே சாப்ட்வேர் பிளாட்பேக்காக இருக்கிறதா என்று சாப்ட்வேர் மேனேஜரில் தேடுங்கள். தனக்கு வேண்டியதை அதுவே கொண்டுவந்துவிடும். சைஸ் மட்டும் பெரிது, போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்காதீர்கள்.