நல்லவராக வந்து வில்லனாக முடிபவர்: கதை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

'ஸூட்டோப்பியா' படத்தை அக்கா மகளோடு உட்கார்ந்து பார்த்தேன். அப்போது அவளுக்கு ஏழு வயது. துணை மேயராக வரும் செம்மறியாடு பெல்வெதர், பெரிய கண்ணாடியும் மெல்லிய குரலுமாக வந்து ஏதோ சொல்லிவிட்டுப் போனது. "மாமா, இந்த ஆட்டுக்கு ஒரு வேலையும் இல்லையே, ஏன் அடிக்கடி வருது?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள், "இதுதான் கெட்டது போல" என்று அவளே முடித்தும் விட்டாள்.

சிறுவர்களுக்குக் கதை எழுதுவது என் வேலை. புதிதாக எழுத வருகிறவர்களின் கதைகளையும் படித்துக் கருத்துச் சொல்வேன். அவற்றில் திரும்பத் திரும்பப் பார்க்கிற முடிவு ஒன்று உண்டு: கூடவே இருந்து உதவி செய்த நல்ல மனுஷர்தான் கடைசிப் பக்கத்தில் வில்லன். 1999-இல் 'டாய் ஸ்டோரி 2', 2001-இல் 'மான்ஸ்டர்ஸ் இங்க்' இதைச் செய்தபோது அது புதிதாக இருந்தது. அப்புறம் 2012 முதல் 2018 வரை 'ரெக்-இட் ரால்ஃப்', 'ஃப்ரோஸன்', 'பிக் ஹீரோ 6', 'ஸூட்டோப்பியா', 'கோகோ', 'இன்க்ரெடிபிள்ஸ் 2' என்று டிஸ்னியிலும் பிக்ஸாரிலும் வரிசையாக இதே ட்விஸ்ட். இவற்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, திரையில் ஒருவர் காரணமில்லாமல் அன்பாக இருந்தாலே சந்தேகம் வந்துவிடுகிறது. (இந்தப் படங்கள் சிலவற்றின் முடிவைக் கீழே சொல்லியிருக்கிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.)

எழுதுகிறவர்கள் பலர், "யாரும் கண்டுபிடிக்காதபடி மறைப்பது எப்படி?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்வியிலிருந்துதான் பெரிய தவறு தொடங்குகிறது. ரகசியத்தைக் காப்பாற்றப் போய், அந்த ஆளையே வெறும் கூடாக்கி விடுகிறார்கள்.

'ஃப்ரோஸன்' படத்து இளவரசன் ஹான்ஸை எடுத்துக்கொள்வோம். உறைந்துகொண்டிருக்கும் இளவரசி அன்னாவை அரண்மனைக்குத் தூக்கி வருகிறார்கள். முடி வெளுத்துக்கொண்டே போகிறது. ஹான்ஸ் முத்தமிட்டால் பிழைத்துவிடுவோம் என்று நம்பி அவன் முகத்தைப் பார்க்கிறாள். அவனும் குனிகிறான். உதடு தொடுகிற தூரத்தில் நின்று, உன்னை நேசிக்க யாராவது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்கிறான். எழுந்து போய்த் திரைச்சீலையை மூடுகிறான், மெழுகுவத்தியை அணைக்கிறான், கணப்பில் எரிகிற தீயில் தண்ணீரை ஊற்றுகிறான். குளிரில் சாகிறவளிடமிருந்து இருக்கிற கொஞ்ச வெப்பத்தையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறான். வசனத்தை விட்டுவிட்டு அந்தக் கை செய்கிற வேலையை மட்டும் எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மனசு பதறுகிறது. காட்சி என்ற அளவில் அதில் குறையே இல்லை.

குறை அதற்கு முன்னால் இருக்கிறது. அதுவரை நெடுநேரம் ஹான்ஸை நாம் பார்க்கிறோம். ஆனால் அவனுக்கு என்ன வேண்டும் என்பது கதையை எங்கேயும் தள்ளுவதில்லை. தன் நாட்டில் பட்டத்துக்கு வாய்ப்பே இல்லாத பதின்மூன்றாவது பிள்ளை. மூன்று அண்ணன்மார் இரண்டு வருஷம் அவன் கண்ணுக்கே தெரியாத மாதிரி நடந்துகொண்டார்கள் என்று அவனே போகிற போக்கில் சொல்கிறான். அது எவ்வளவு பெரிய புண்! அதை வைத்தே ஒரு முழு வில்லனைக் கட்டியிருக்கலாம். ட்விஸ்ட் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக அதை ஒரு சிரிப்பு வசனமாக்கி விட்டார்கள். பழைய வில்லன்கள் தங்கள் ஆசையைப் பாட்டாகவே பாடினார்கள். 1989-இல் 'தி லிட்டில் மெர்மெய்ட்' உர்சுலாவுக்கும் 1994-இல் 'தி லயன் கிங்' ஸ்காருக்கும் அப்படிப் பாட்டு இருந்தது. ஹான்ஸுக்குக் கிடைத்தது ஒரு காதல் டூயட் மட்டும். மறைந்திருக்கிறவன் மனசு திறந்து பாட முடியாதே.

இதோடு ஒட்டியது அடுத்த தவறு, ஏமாற்றுவது. அன்னாவும் ஹான்ஸும் முதலில் துறைமுகத்தில் மோதிக்கொள்கிறார்கள். அவள் ஓடிப் போனதும் படகு சரிந்து அவன் தண்ணீரில் விழுகிறான். தலையைத் தூக்கி, அவள் போன திசையைப் பார்த்துக் காதல் பொங்கச் சிரிக்கிறான். அங்கே அவனைப் பார்க்க ஆளே இல்லை. நடிக்கிறவனாக இருந்தால் யாருக்காக நடித்தான்? நம்மை ஏமாற்றக் கதாசிரியர் சிரிக்க வைத்த சிரிப்பு அது. மற்றவர்கள் முன்னால் பாத்திரம் பொய் சொல்லலாம். தனியாக இருக்கும்போது பொய் சொல்லக் கூடாது. உங்கள் கதையில் அந்த ஆள் தனியாக வரும் இடங்களை மட்டும் எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள், தவறு இருந்தால் உடனே தெரியும்.

நேர்மையாகத் துப்பு வைத்ததற்கு 'டாய் ஸ்டோரி 2' நல்ல உதாரணம். தூங்குகிற பொம்மைக் கடைக்காரர் ஆலிடமிருந்து, பிய்ந்துபோன தன் கையை மீட்க பொம்மை நாயகன் வுடி ராத்திரியில் போகும்போது, திடீரென்று டிவி அலறி எல்லாம் கெட்டுவிடுகிறது. ரிமோட் இன்னொரு பொம்மையான ஜெஸ்ஸி பக்கத்தில் கிடக்கிறது. வுடி அவள் மேல் கோபப்படுகிறான், நாமும் அப்படியே நினைக்கிறோம். பின்னால், பெட்டியை விட்டு வெளியே வரவே முடியாதவர் என்று நினைத்திருந்த தாத்தா பொம்மை வெளியே நடந்து வரும்போது அந்த டிவி ஞாபகம் வருகிறது. துப்பு நம் கண்ணெதிரே இருந்தது. வேறு காரணத்தால் நடந்ததாக நம்பிக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான்.

பெல்வெதர் விஷயத்தில் பிள்ளைகள் கண்டுபிடிப்பது எளிது. கதைக்கு வேலையில்லாத ஒருவருக்கு இத்தனை காட்சி எதற்கு என்பதுதான் அவர்கள் கணக்கு. கூடவே, சந்தேகத்தைத் திருப்புவதற்கென்று ஒரு முரட்டு ஆளை நிறுத்துவதும் பழகிப்போன வேலை. 'ஃப்ரோஸன்' வெசல்டன் பிரபு, 'பிக் ஹீரோ 6' தொழிலதிபர் க்ரே, 'ஸூட்டோப்பியா' மேயர் லயன்ஹார்ட் எல்லோரும் அந்த வகை. இத்தனை பளிச்சென்று கெட்டவராகத் தெரிகிறவர் கெட்டவராக இருக்க மாட்டார் என்று எட்டு வயதுப் பிள்ளை சொல்லிவிடும். நல்லவராக வருகிறவருக்குக் கதையில் உண்மையான ஒரு வேலை கொடுங்கள். அவர் இல்லாவிட்டால் கதை நகரக் கூடாது. அதுவே பாதி மறைப்பு.

இப்போது 'கோகோ'வுக்கு வருகிறேன், எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான். எர்னஸ்டோ டி லா க்ரூஸ் நல்லவரில்லை என்று ஊகித்தவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். ஆனாலும் அந்தத் திருப்பம் நெஞ்சில் இறங்குகிறது. சிறுவன் மிகேல் அந்தப் பாடகரின் படங்களைப் பரணில் ஒளித்து வைத்துப் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்தவன். இறந்தவர்களின் உலகத்தில் எக்டர் என்பவர் தன் பழைய நண்பன் எர்னஸ்டோவிடம், எனக்காக வானத்தையும் பூமியையும் புரட்டுவேன் என்றாயே, இப்போது செய் என்று கேட்கிறார். மிகேல் இடையில் புகுந்து, இது படத்தில் வருகிற வசனமாச்சே என்கிறான். விருந்து நடக்கிற அந்த இடத்திலேயே படம் ஓடிக்கொண்டிருக்கிறது. திரையில் வில்லன் அதே வசனத்தைச் சொல்லிக் கோப்பையை நீட்டுகிறான், எர்னஸ்டோ நடித்த நாயகன் குடித்ததைத் துப்பி, "விஷம்!" என்று கத்துகிறான். எக்டர் அப்படியே நின்றுவிடுகிறார். உயிரோடிருந்தபோது ஒரு ராத்திரி வீட்டுக்குக் கிளம்புகையில் நண்பன் தந்த பானத்தைக் குடித்துவிட்டு, தெருவில் நடக்கும்போது வயிறு வலித்து விழுந்தது அவருக்கு இப்போதுதான் புரிகிறது.

கொலை செய்தவன் அந்தக் கொலையையே சினிமாவாக எடுத்து, அதில் தன்னை நாயகனாக வைத்துக்கொண்டிருக்கிறான். அதைக் காட்டிக்கொடுத்தது அவன் மேல் உயிரையே வைத்திருந்த ரசிகனின் ஞாபகம். வாய்ப்பைப் பாய்ந்து பிடி என்று எர்னஸ்டோ படம் முழுக்கச் சொல்வது நமக்கு முதலில் ஊக்க வார்த்தையாகக் கேட்டது. பிறகு அதே வார்த்தை வாக்குமூலமாகக் கேட்கிறது. எர்னஸ்டோ தன்னைப் பற்றி எதையும் மறைக்கவில்லை, நாம்தான் வேறு மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தோம். ட்விஸ்ட் எழுதும்போது இதைத்தான் தேட வேண்டும்: அது தெரிந்த பிறகு, முன்பு பார்த்த காட்சிக்கு இன்னொரு அர்த்தம் வர வேண்டும்.

நாயகனுக்கு அதனால் என்ன ஆகிறது என்பதும் முக்கியம். 'பிக் ஹீரோ 6'-இல் முகமூடிக்காரர் பேராசிரியர் கேலஹன்தான் என்பதைப் பலர் முன்பே ஊகித்துவிடுவார்கள். ஆனால் அவரைக் காப்பாற்றத்தான் கதை நாயகனான சிறுவன் ஹிரோவின் அண்ணன் தீக்குள் ஓடிச் செத்தான். அது அவன் செய்த தவறு என்று அவர் சொன்னதும், ஹிரோ தன் ரோபோவின் மருத்துவச் சிப்பைப் பிடுங்கி எறிந்து, அந்த மனிதரைக் கொல்லச் சொல்கிறான். நல்ல பிள்ளை ஒரு நிமிஷம் கொலைகாரனாக மாறப் பார்க்கிறான். ஊகித்திருந்தாலும் அந்த இடத்தில் யாராலும் சும்மா இருக்க முடியாது.

கடைசி நேரத்தில் உண்மையை உடைத்து, வில்லன் நின்று நிதானமாகத் தன் திட்டத்தை விளக்குவதும் ஒரு தவறுதான். இதற்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. விளக்க வேண்டியிருக்கிறது என்றால் முன்னால் எழுத வேண்டியதை எழுதவில்லை என்று பொருள்.

சரி, ட்விஸ்ட் கட்டாயம் வேண்டுமா? த்ரில்லர் படங்களின் இயக்குநர் ஹிட்ச்காக், பிரெஞ்சு இயக்குநர் ட்ரூஃபோவிடம் பேசும்போது மேஜைக்கடியில் இருக்கும் குண்டைப் பற்றிச் சொன்னார். பார்ப்பவருக்குத் தெரியாமல் வெடித்தால் பதினைந்து விநாடி அதிர்ச்சி. முன்பே தெரிந்திருந்தால் பதினைந்து நிமிடப் பதற்றம். 'தி லயன் கிங்' செய்தது இரண்டாவதை. ஸ்கார் கெட்டவன் என்பது அவன் எலியைக் கையில் பிடித்துக்கொண்டு பேசும் முதல் காட்சியிலேயே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரியாதது சிங்கக்குட்டி சிம்பாவுக்குத்தான். அந்தக் குட்டி சித்தப்பாவை நம்பிப் பள்ளத்தாக்கில் போய் உட்காரும்போது நம்மால் உட்கார முடிவதில்லை.

நான் எழுதிய ஒரு கதையில் ஊர்க் குளத்து ஆமைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். தேடுகிற பையனுக்குத் துணையாக இருக்கும் காவல்காரர்தான் திருடர் என்று கடைசிப் பக்கத்தில் வைத்திருந்தேன். நூலகம் ஒன்றில் வாசித்தபோது, மூன்றாம் பக்கத்திலேயே இரண்டாவது வரிசையில் இருந்த சிறுமி, "அந்த வாட்ச்மேன் மாமாதான்" என்றாள். அதற்கப்புறம் யாரும் கதையைக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மாற்றி எழுதினேன். நாலாம் பக்கத்தில், காவல்காரர் சைக்கிள் கேரியரில் கட்டியிருக்கும் சாக்கு லேசாக அசைகிறது. பையன் பார்க்கவில்லை, வாசகர்கள் பார்க்கிறார்கள். அடுத்த மாதம் அதே நூலகத்தில் வாசித்தேன். பெரிய ஆமை முட்டையிட்ட இடத்தைக் கண்டுபிடித்த பையன் மூச்சிரைக்க அந்த மாமாவிடம் ஓடுகிறான். அந்த இடம் வந்ததும், "சொல்லாத, அவர்கிட்ட மட்டும் சொல்லாத!" என்று இரண்டாவது வரிசைச் சிறுமி எழுந்து நின்றுவிட்டாள். அப்புறம் மற்றவர்களும் எழுந்தார்கள். நான் பக்கத்தைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.