தேசிய கீதம்: முதல் வரியில் அல்ல, ‘ஜய ஹே’யில் சுருதி பாருங்கள்

சுதந்திர தினக் கொடியேற்றத்தில் தேசிய கீதத்தை ஒலிப்பதிவில் ஓடவிடாமல் நீங்களே பாட, நான்கைந்து பேரும் ஒரு கீபோர்டும் போதும்.

பலரும் சறுக்குவது சுருதியில்தான். பாட்டு ஆரம்ப ஸட்ஜத்துக்கு (ஸ) கீழே மந்திர நிஷாதம் (கீழ் ஸ்தாயி நி) வரை இறங்கி, கடைசியில் வரும் ‘ஜய ஹே’யில் தார ஸட்ஜத்தை (மேல் ஸ்தாயி ஸ) தொடுகிறது. தொடக்கம் சுலபமாக இருக்கிறதே என்று உற்சாகத்தில் உயரமாக எடுத்தால், அங்கே போய்க் குரல் கிழியும். அதனால் முதலில் ‘ஜய ஹே’யை மட்டும் பாடிப் பாருங்கள். ஆண், பெண் கலந்த குழுவுக்கு 1 கட்டை (கீபோர்டில் C-யை ஸ-வாக வைப்பது) சரியாக வரும். ஆண்கள் தானாகவே ஒரு ஸ்தாயி கீழே பாடுவார்கள். சிறுவர்கள் மட்டும் என்றால் 2 கட்டை (D). கீபோர்டில் ஸ-ப மட்டும் அழுத்திப் பிடித்தால் போதும், கார்டு (chord, பல ஸ்வரங்களைச் சேர்த்து வாசிப்பது) வேண்டாம்.

முழுப் பாடலுக்கு விதிப்படி 52 விநாடி. செல்போன் ஸ்டாப்வாட்சில் பாருங்கள். ஒரு நிமிடத்தைத் தாண்டினால், பெரும்பாலும் வரிக் கடைசிகளை இழுக்கிறீர்கள் என்று அர்த்தம்.

தமிழில் அச்சிட்ட வரிகளைப் பார்த்துப் பாடுபவர்கள் ‘காஹே’, ‘காதா’ இரண்டையும் ‘காகம்’ என்பதன் முதல் எழுத்துப் போல வல்லோசையில் தொடங்குகிறார்கள். இரண்டுமே ‘கங்கா’வின் முதல் எழுத்துப் போல மெல்ல ஒலிக்க வேண்டும். தாளில் அந்த எழுத்துகளின் கீழே பென்சிலால் கோடு போட்டு வையுங்கள்.