கிரெடிட் கார்டில் வீட்டு வாடகை: முதல் மாதம் நான் மாட்டிக்கொண்ட இடத்தோடு ஒரு விளக்கம்

2025 நவம்பரில் வேலை மாறினேன். பழைய கம்பெனியில் மாதக் கடைசி நாளே சம்பளம் வந்துவிடும். புது இடத்தில் அடுத்த மாதம் 7-ம் தேதி. வேளச்சேரி வீட்டுக்கு 5-ம் தேதிக்குள் வாடகை கொடுத்தாக வேண்டும், 18,000 ரூபாய். ஐந்து வருடமாக ஒருநாள்கூடத் தள்ளிக் கொடுத்ததில்லை. ஓனர் அம்மாவுக்கு அந்த வாடகைதான் மாத வருமானம். அதனால் கார்டில் கட்டும் வழியைத் தேடினேன். அதில் ஒரு மாதம் திண்டாடிய பிறகுதான் எல்லாம் சரியாக அமைந்தது. அதே திண்டாட்டம் உங்களுக்கு வரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். யூடியூபில் இருக்கும் பழைய வீடியோக்களைப் பார்த்து ஆரம்பிக்காதீர்கள். 2025 செப்டம்பர் 15 அன்று பேமென்ட் அக்ரிகேட்டர்களுக்கு (நம்மிடம் பணம் வசூலித்து, பெற வேண்டியவருக்குச் சேர்க்கும் இடைநிலை நிறுவனங்கள்) ரிசர்வ் வங்கி புதிய விதிகளை வெளியிட்டது. பணம் பெறுபவர் அந்த நிறுவனத்தில் முறையாகப் பதிவு செய்து, கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்பை முடித்த வணிகராக இருந்தால்தான் அவருக்காகப் பணம் வசூலிக்க முடியும். முன்பெல்லாம் ஓனரின் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி கோடும் போட்டால் போதும், பணம் போய்விடும். அந்தக் காலம் முடிந்துவிட்டது. போன்பே, பேடிஎம் உள்ளிட்ட செயலிகள் இந்தச் சேவையை நிறுத்தியதற்குக் காரணம் இதுதான். இப்போது நமக்கு வேண்டியது ஓனரையும் பதிவு செய்யச் சொல்லிக் கேட்கிற தளம். ஓனரைப் பற்றி எதுவுமே கேட்காமல் "உடனே அனுப்புகிறோம்" என்று ஒரு செயலி சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

படி 1: பேனா எடுத்துக் கணக்குப் போடுங்கள்

இதில் இரண்டு கட்டணம் உண்டு. பலர் ஒன்றை மட்டும்தான் பார்க்கிறார்கள்.

நான் கட்டும் தளத்தில் கட்டணம் 1.5 சதவீதம். 18,000-க்கு 270 ரூபாய், அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 48.60. ஆக கார்டில் இழுப்பது 18,318.60. இது திரையிலேயே தெரியும்.

இரண்டாவது கட்டணம் அப்போது தெரியாது, பில் வரும்போதுதான் தெரியும். வாடகைப் பரிவர்த்தனைக்கு 6513 என்று தனி வணிகக் குறியீடு இருக்கிறது. அதை வைத்து வங்கி இது வாடகை என்று கண்டுபிடித்து, தன் பங்குக்கும் கட்டணம் போடும். ஐசிஐசிஐ வங்கி 2022 அக்டோபர் 20 முதல் 1 சதவீதம் வாங்க ஆரம்பித்தது. எஸ்பிஐ கார்டு 2022 நவம்பரில் 99 ரூபாய் என்று தொடங்கி, 2023 மார்ச்சில் 199 ரூபாய் ஆக்கியது. இதற்கும் வரி தனி. என் கார்டில் 1 சதவீதம்: 183 ரூபாய் 19 பைசா, ஜிஎஸ்டி 32.97. இரண்டையும் கூட்டினால் மாதம் சுமார் 535 ரூபாய் கையை விட்டுப் போகிறது. வருடம் முழுக்க இப்படிக் கட்டினால் 6,420.

ரிவார்டு பாயின்ட் வரும் என்று நினைத்தால் அதையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான கார்டுகளில் வாடகைக்குப் பாயின்ட் கிடையாது. ஆண்டுக் கட்டணத் தள்ளுபடிக்கான செலவுக் கணக்கிலும் பல கார்டுகள் இதைச் சேர்ப்பதில்லை. உங்கள் கார்டின் எம்ஐடிசி என்ற விதிமுறைத் தாளைத் திறந்து "ரென்ட்" என்று தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

என்னைக் கேட்டால், பாயின்டுக்காக இதைச் செய்யாதீர்கள். சம்பளத் தேதிக்கும் வாடகைத் தேதிக்கும் இடைவெளி இருக்கிறதா, அப்போது மட்டும் செய்யுங்கள்.

படி 2: ஓனரிடம் பேசுங்கள்

"ஏம்பா, வாடகை கொடுக்கறதுக்கு என் பான் நம்பர் எதுக்கு?" ஓனர் அம்மா கேட்ட முதல் கேள்வி இது. நியாயமான கேள்விதான். போனில் முடிக்கப் பார்க்காமல் நேரில் போய் உட்கார்ந்து சொன்னேன். "அம்மா, பணம் உங்க பேங்க் கணக்குக்கேதான் வரும். உங்களுக்கு ஒரு ரூபா செலவில்ல. நீங்க யாருன்னு அவங்க சரிபார்க்கணும், அது ரிசர்வ் பேங்க் விதி." ஒரு வருடத்தில் 1 லட்சத்துக்கு மேல் வாடகை கொடுத்து எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) வரிச்சலுகை கேட்பவர்கள் ஓனரின் பான் எண்ணை எப்படியும் கொடுத்தே ஆக வேண்டும். நான் ஏற்கெனவே வாங்கியிருந்தேன் என்பதை நினைவுபடுத்தினேன். வரி கணக்கிடும்போது வாடகை வருமானத்தில் 30 சதவீதம் நிலையான கழிவு உண்டு என்று சொன்னதும் அவருக்குக் கொஞ்சம் நிம்மதி.

ஓனருக்கு விருப்பமில்லை என்றால் அதோடு விட்டுவிடுங்கள். அவருக்குத் தெரியாமல் அவருடைய ஆவணங்களை நீங்களே ஏற்றுவது கூடவே கூடாது.

படி 3: பெயர். இங்கேதான் நான் மாட்டினேன்

டிசம்பர் 2-ம் தேதி பணம் கட்டினேன். கார்டில் இழுத்துவிட்டது. 5-ம் தேதி ஆகியும் ஓனருக்கு வரவில்லை. தளத்தில் "சரிபார்ப்பில் உள்ளது" என்ற ஒரே வரி. கஸ்டமர் கேரில் நாலு தடவை பேசிய பிறகுதான் காரணம் தெரிந்தது: பெயர் பொருந்தவில்லை.

நம்ம ஊர் இனிஷியல்தான் காரணம். உதாரணத்துக்கு எஸ். கமலா என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகை அக்ரிமென்டில் "எஸ். கமலா". பான் கார்டில் இனிஷியலை விரித்துத்தான் போடுவார்கள், அதனால் "கமலா சுந்தரம்". பேங்க் பாஸ்புக்கில் "கமலா எஸ்". மூன்றும் ஒரே ஆள் என்பது நமக்குப் பார்த்தவுடன் புரியும். தளமோ கணக்குக்கு 1 ரூபாய் அனுப்பி, வங்கியில் பதிவாகியிருக்கும் பெயரை எடுத்து, மற்ற ஆவணங்களோடு ஒப்பிடும். எழுத்து மாறினால் அப்படியே நிறுத்தி வைத்துவிடும்.

அந்த மாத வாடகையைத் தம்பியிடம் கைமாற்று வாங்கித்தான் கொடுத்தேன். கார்டில் போன பணம் ஒன்பது நாள் கழித்துத் திரும்பியது. பிறகு செய்தது இவ்வளவுதான்:

பாஸ்புக் முதல் பக்கத்தை போட்டோ எடுத்து, அதில் பெயர் எழுத்துக்கு எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே கணக்கு விவரத்தில் டைப் செய்தேன். 11 மாத அக்ரிமென்ட் புதுப்பிக்கும் சமயம் என்பதால், புதியதில் "எஸ். கமலா என்கிற கமலா சுந்தரம்" என்ற மாதிரி இரண்டு பெயரையும் போட்டு, பக்கத்திலேயே பான் எண்ணையும் எழுதச் சொன்னேன். கேன்சல் செய்த செக் ஒன்றையும் ஸ்கேன் செய்து ஏற்றினேன். இரண்டே நாளில் பச்சை டிக் வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி அக்ரிமென்ட் எழுத்தில் இருந்தே ஆக வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். வாய்ப்பேச்சில் குடியிருப்பவர்கள் முதலில் அதை முடியுங்கள். அக்ரிமென்ட் இல்லாமல் இந்த வழி நகராது.

ஆவணங்கள் ஏற்றுவதைக் கம்ப்யூட்டரில் பிரவுசரில் செய்யுங்கள். போனில் எடுத்த படம் செயலிக்குள் போகும்போது மங்கி, அதற்காகவே ஒருமுறை நிராகரித்தார்கள். ஸ்கேன் செய்த பிடிஎஃப் ஒரே தடவையில் போனது.

படி 4: பில் தேதியை மாற்றுங்கள்

இது பலருக்குத் தெரிவதில்லை. டிசம்பரில் என் பில் தேதி 5. அதாவது 2-ம் தேதி கட்டியது மூன்றே நாளில் பில்லில் ஏறி, 25-ம் தேதி கடைசி நாள் என்று வந்தது. கிடைத்த அவகாசம் 23 நாள்தான்.

பில் சுழற்சியைக் குறைந்தது ஒருமுறையாவது மாற்றிக்கொள்ள வாடிக்கையாளருக்கு வழி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதியே இருக்கிறது. வங்கிக்கு போன் செய்து 28-ம் தேதிக்கு மாற்றினேன். இப்போது ஏப்ரல் 1 அன்று கட்டினால் ஏப்ரல் 28-ல் பில், மே 18-ல் கடைசி நாள். 47 நாள் கிடைக்கிறது. கட்டணம் அதே 535தான்.

ஆனால் 47 நாளுக்கு 18,000-க்கு 535 ரூபாய் என்பது ஆண்டுக் கணக்கில் ஏறக்குறைய 23 சதவீத வட்டிக்குச் சமம். அதனால்தான் கையில் பணம் இருக்கிற மாதம் நான் யுபிஐயில் நேராகவே அனுப்பிவிடுகிறேன்.

படி 5: கட்டுவதும், பில்லை அடைப்பதும்

1-ம் தேதி கட்டிவிடுங்கள். ஓனருக்குப் போய்ச் சேர ஒன்றிரண்டு வேலை நாள் ஆகும், நடுவில் ஞாயிறு வந்தால் இன்னும் தள்ளும். தானாகவே மாதாமாதம் போகட்டும் என்று செட் செய்தாலும் 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகைக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்கும். அதை நம்பி ஊருக்குப் போய்விடாதீர்கள். நான் போன் காலண்டரில் நினைவூட்டல் வைத்திருக்கிறேன்.

கார்டு பில்லுக்கு ஆட்டோ டெபிட் போடும்போது இரண்டு விருப்பங்கள் காட்டும்: முழு பாக்கி, குறைந்தபட்ச பாக்கி. முழு பாக்கியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். குறைந்தபட்சம் சில நூறு ரூபாய்தான் என்று பார்க்க எளிதாக இருக்கும். ஆனால் மீதிக்கு மாதம் 3.5 சதவீதம் அளவில் வட்டி, அதுவும் கார்டில் வாடகை கட்டிய நாளிலிருந்தே. 18,000-க்கு ஒரு மாத வட்டி 630, ஜிஎஸ்டி சேர்த்தால் 743. போதாததற்கு, அதே கார்டில் வாங்கும் மளிகைக்கும் பெட்ரோலுக்கும் வட்டியில்லா நாட்கள் போய்விடும். இந்தக் காரணத்துக்காகவே வாடகைக்கு என்று ஒரு கார்டைத் தனியாக வைத்திருக்கிறேன். உங்களுக்கும் அதையே சொல்வேன்.

சேர்க்கை: இதைப் படித்தவர்கள் கேட்டவை

"அண்ணா, தெரிந்த கடைக்காரரிடம் கார்டைத் தேய்த்துப் பணமாக வாங்கி வாடகை கொடுக்கலாமே?" என்று ஒரு தம்பி கேட்டார். வேண்டாம். மனைவி கணக்கையோ நண்பர் கணக்கையோ ஓனர் கணக்கு என்று காட்டுவதும் வேண்டாம். வங்கி கண்டுபிடித்தால் கார்டையே முடக்கிவிடும். ஏடிஎம்மில் கார்டைப் போட்டு எடுத்தால் அன்றைக்கே வட்டி ஆரம்பம்.

ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்து ஓனரின் ஜிபே எண்ணுக்கு அனுப்பப் பார்த்தேன், போகவில்லை என்றார் ஒருவர். போகாது. வணிகர்களுக்கு மட்டும்தான் அந்த வழி, தனிநபர் கணக்குக்கு இல்லை.

மாத வாடகை 50,000-க்கு மேல் என்றால் 2 சதவீதத்தை டிடிஎஸ் ஆக, அதாவது ஓனரின் வருமான வரியாக, வாடகையிலிருந்தே பிடித்து அரசுக்குக் கட்டுவது குடியிருப்பவரின் பொறுப்பு. கார்டில் கட்டுவதால் அது மாறாது. எச்ஆர்ஏ ரசீதில் வாடகைத் தொகை மட்டும்தான் வர வேண்டும், தளக் கட்டணத்தைச் சேர்க்காதீர்கள்.

ஒரு அக்காவின் ஓனர் துபாயில் இருக்கிறார். அந்த அக்காதான் இதில் பெரிய சிக்கலைக் கண்டுபிடித்தார். ஓனர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் 50,000 வரம்பே கிடையாது. வாடகை எவ்வளவானாலும் வரி பிடிக்க வேண்டும், பொதுவாக 31.2 சதவீதம். அப்படிப்பட்ட ஓனருக்குக் கார்டில் முழு வாடகையையும் அனுப்பிவிட்டால் அந்த வரியைப் பிறகு நம் கையிலிருந்து கேட்பார்கள். முதலில் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள் அக்கா, கார்டு விஷயம் அதற்கப்புறம்.