காப்பித் தோட்டத்தில் ஓரிரவு, வயலில் ஓரிரவு: பைக்கில் கூடாரப் பயணம் செல்வோருக்கு ஒரு செய்முறை

சேலத்திலிருந்து பைக்கில் கிளம்பி, ஏற்காட்டை அடுத்த நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பரிடம் ஓரிரவும், குப்பனூர் வழியாக இறங்கிப் பேளூருக்கு அருகே விவசாயம் செய்யும் இன்னொரு நண்பரின் வயலில் ஓரிரவும் கூடாரம் அடித்துத் தங்கி, மூன்றாம் நாள் ஆனைமடுவு அணையைப் பார்த்துவிட்டு வாழப்பாடி வழியாக வீடு திரும்பும் பயணத்தை இதுவரை மூன்று முறை செய்திருக்கிறேன். மொத்தத் தூரம் 200 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். முதல் முறை போனபோது ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் வண்டி கைக்கு அடங்காமல் போனது. சாலையோரத்தில் எல்லாவற்றையும் அவிழ்த்துப் போட்டு மறுபடி கட்ட வேண்டியதாயிற்று. காரணத்தைக் கண்டுகொண்ட பிறகு மற்ற இரண்டு பயணங்களும் நிம்மதியாக முடிந்தன. உங்களுக்கு வண்டி நன்றாக ஓட்டத் தெரியும், கிளம்புமுன் ஆயில், பிரேக், செயின் எல்லாம் பார்த்துவிடுவீர்கள் என்ற நம்பிக்கையில் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் படி: தங்கும் இடத்தை உறுதிசெய்தல்

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பார்க்கும் இடமெல்லாம் கூடாரம் அடிக்கத் தோதாகத்தான் தெரியும். ஆனால் காப்புக்காட்டுக்குள், அதாவது வனத்துறையின் பாதுகாப்பில் உள்ள காட்டுக்குள், அனுமதியின்றி நுழைவதும் தங்குவதும் குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேற்றம் சென்றவர்கள் உயிரிழந்த பிறகு, மலையேற்றத்துக்கென்றே தமிழ்நாட்டில் தனி விதிகள் வகுக்கப்பட்டன. ஆகவே பட்டா நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு மட்டுமே தங்குங்கள். நண்பர்களைப் பார்த்துக்கொண்டே செல்லும் பயணத்தில் இந்தக் கவலை தானாகவே தீர்ந்துவிடுகிறது.

நண்பரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டியவை மூன்று. கூடாரம் அடிக்கும் இடம் மண் தரையா, சிமென்ட் தரையா? இரவில் அந்தப் பக்கம் காட்டெருமை வருமா? வண்டி கூடாரம் வரை வருமா, அல்லது சாமான்களைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டுமா? முதல் கேள்வியை நான் கேட்காமல் விட்டதால் பட்ட பாட்டை ஆறாம் படியில் சொல்கிறேன்.

இரண்டாம் படி: சாமான்கள்

இரண்டு பேர் படுக்கும் கூடாரம் ஒன்றை ஒருவருக்கு வாங்குங்கள். பைகளையும் உள்ளே வைக்க இடம் கிடைக்கும். கம்பிகளை மாட்டியதும் முளை அடிக்காமலே தானாக நிற்கும் குவிமாட வடிவக் கூடாரமே நம் பக்கத்துக்கு ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. அதோடு தூங்கும் பை, நுரை மெத்தை, தார்ப்பாய், தலையில் மாட்டும் டார்ச், இரண்டு லிட்டர் தண்ணீர், வண்டிக்கான கருவிகள், ஒரு கம்பளிச் சட்டை. சேலம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் இருப்பதால், நகரத்தில் வியர்த்துக்கொண்டிருக்கும் அதே வேளையில் மேலே ஏழெட்டு டிகிரி குறைவாக இருக்கும். அடுப்பு வேண்டாம். நண்பர் வீட்டுக்குப் போய்த் தனியாகச் சமைத்தால் அவர்கள் மனம் வருந்துவார்கள்.

மூன்றாம் படி: மூட்டை கட்டுதல்

என்னை முதல் பயணத்தில் தடுமாற வைத்தது இந்தப் படிதான். ஆகவே பொறுமையாகப் படியுங்கள்.

அன்று எல்லாச் சாமான்களையும் ஒரே பெரிய பையில் திணித்து, பின்னால் இருக்கும் கேரியரின் மேல் நிமிர்த்தி வைத்து, இரண்டு ரப்பர் கொக்கிக் கயிறுகளால் இழுத்துக் கட்டியிருந்தேன். அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம் வரை எந்தத் தொல்லையும் இல்லை. வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் ஹேண்டில்பார் இலேசாகி, திருப்பிய பக்கம் வண்டி திரும்பத் தயங்கியது. ஒன்பதாவது வளைவில் பை இடப்பக்கம் சரிந்து, கயிற்றின் தொங்கிய நுனி செயினுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் ஆடிக்கொண்டிருந்ததை இறங்கிய பிறகுதான் கண்டேன். அது உள்ளே சிக்கியிருந்தால் பின்சக்கரம் அந்த வளைவிலேயே பூட்டிக்கொண்டிருக்கும். அப்போது பால்கேன்களைக் கட்டிக்கொண்டு கீழே வந்த பெரியவர் ஒருவர் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு, “தம்பி, பாரத்த வாலுல கட்டாதீங்க, வயித்தோட கட்டுங்க” என்றார். நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

பின்சக்கரத்தின் அச்சுக்குப் பின்னால் வைக்கும் எடை, நெம்புகோலைப் போல வண்டியின் முன்பகுதியை மேலே தூக்குகிறது. ஏற்றத்தில் வண்டியே பின்பக்கம் சாய்ந்திருப்பதால் அந்தத் தூக்கல் இன்னும் கூடுகிறது. முன்சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்காதபோது, மெதுவாகத் திரும்ப வேண்டிய கொண்டை ஊசி வளைவில் வண்டி நம் சொல்லைக் கேட்பதில்லை. ஆகவே கனமான பொருள்கள் தாழ்வாகவும், அச்சுக்கு முன்னாலும், இரு பக்கமும் சமமாகவும் அமைய வேண்டும்.

நான் இப்போது கட்டும் முறை இது. தண்ணீர் ஒரு பக்கவாட்டுப் பையிலும், ஏறக்குறைய அதே எடையுள்ள கருவிகளும் கூடார முளைகளும் மறுபக்கப் பையிலும் போகின்றன. கூடாரச் சுருளைப் பின் இருக்கையில் குறுக்காக, என் இடுப்பை ஒட்டி வைக்கிறேன். தூங்கும் பை, துணி, நுரை மெத்தை ஆகிய எடையற்றவை மட்டுமே கேரியருக்குப் போகின்றன. பெரும்பாலான வண்டிகளில் வலப்பக்கம் சைலன்சர் இருப்பதால், பக்கவாட்டுப் பைக்கும் சைலன்சருக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி கட்டாயம் வேண்டும். வண்டி குதிக்கும்போது பை கீழே இறங்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். இடப்பக்கம் உள்ள சேலைக் காப்புக் கம்பியை அழகுக்காகக் கழற்றிவிடாதீர்கள். பை சக்கரத்துக்குள் போகாமல் தடுப்பதும், கட்டுவதற்கு உறுதியான பிடிமானம் தருவதும் அதுதான்.

ரப்பர் கொக்கிக் கயிறுகளை நான் முற்றிலும் கைவிட்டுவிட்டேன். அவை குலுங்கக் குலுங்க நீளும். கொக்கி நழுவினால் கண்ணில் அடிக்கும். பக்கிள் வைத்த நைலான் நாடா நான்கு வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால், நம் ஊர்ப் பால்காரர்களும் துணி வியாபாரிகளும் செய்வதுபோல பழைய டியூபை நீளக் கீற்றுகளாக வெட்டிக் கட்டுங்கள். துணியையும் இரும்பையும் அது பிடிக்கும் பிடி வேறெதற்கும் வராது. நாடாவை ஒருமுறை முறுக்கிவிட்டு இழுத்தால் காற்றில் படபடக்காது. மிஞ்சும் நுனிகளைச் சுருட்டி முடிச்சிட்ட பிறகே அடுத்த வேலையைப் பாருங்கள்.

கட்டி முடித்ததும் மூட்டையை இரண்டு கைகளாலும் பிடித்து ஆட்டுங்கள். மூட்டை மட்டும் தனியாக ஆடினால் அவிழ்த்துக் கட்டுங்கள். மூட்டையோடு வண்டியும் சேர்ந்து ஆடினால் கட்டு சரி.

நான்காம் படி: அடிவாரத்தில் ஒரு நிறுத்தம்

வீட்டிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் ஓடியதும் துணிகள் அமுங்கி நாடாக்கள் தளர்ந்துவிடும். முதல் வளைவுக்கு முன்பே, அடிவாரத்தில் நிறுத்தி எல்லாவற்றையும் ஒரு சுற்று இறுக்குங்கள். டயர்க் காற்றைக் கிளம்பும் முன்பே, டயர் சூடாகாதபோது, இருவர் செல்வதற்கான அளவுக்கு ஏற்றியிருக்க வேண்டும். அந்த அளவு வண்டியிலேயே ஒட்டப்பட்டிருக்கும். பின்பாரத்தால் ஹெட்லைட் மேல்நோக்கி எதிரே வருபவர் கண்ணைக் கூச வைக்கும் என்பதால் அதையும் சற்றுத் தாழ்த்திக்கொள்ளுங்கள். மழைக்காலமானால், பாதை திறந்திருக்கிறதா என்று மேலே இருக்கும் நண்பரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது இந்தப் பாதையில் மண்சரிவு ஏற்பட்டதை நாம் மறக்கவில்லை.

ஐந்தாம் படி: ஏற்றமும் இறக்கமும்

அடிவாரப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் முன்பே கியரைக் குறைத்துவிடுங்கள், வளைவின் நடுவில் கிளட்சைத் தொடாதீர்கள், ஒலி எழுப்புங்கள். குறுகிய இடத்தில் ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. மறுநாள் இறக்கத்துக்கு நான் குப்பனூர்ப் பாதையையே விரும்புகிறேன். சுற்றுலா வண்டிகளின் நெரிசல் குறைவு. பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறங்கும் வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பாரம் கட்டிய வண்டியில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக் சூடாகாது.

ஆறாம் படி: கூடாரம் அடித்தல்

மலைத் தோட்டத்தில் எங்கும் சரிவு. காப்பிச் செடிகளும், மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களும் நெருங்கி நிற்கும். சமதளம் என்றால் காப்பிப் பழம் உலர்த்தும் களம் ஒன்றுதான், அதுவும் சிமென்ட். முதல் பயணத்தில் முளைகளைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் களத்தில் நின்றேன். அது டிசம்பர் என்பதால் களத்தின் முக்கால் பகுதியில் பழம் காய்ந்துகொண்டிருந்தது. அறுவடை முடிந்த பிப்ரவரிக் கடைசி அல்லது மார்ச்சில் சென்றால் களம் காலியாக இருக்கும்.

முளை இறங்காத தரைக்கு வழி இது. நண்பரிடம் நான்கு வெறும் சாக்குகள் வாங்கி, பாதியளவு கல்லோ மணலோ நிரப்பி, கூடாரத்தின் நான்கு மூலை வளையங்களிலும் கயிற்றால் கட்டிவிடுங்கள். கல்லை நேராகத் துணியின் மேல் வைத்தால் காற்றில் தேய்ந்து கிழியும். மழைநீர் ஓடுவதற்காகக் களத்துக்கு இலேசான சரிவு இருக்கும். தலை மேட்டுப் பக்கம் வருமாறு படுங்கள். கீழே விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, நீட்டிய பகுதி மழைநீரை வாங்கி நம் முதுகுக்குக் கீழே கொண்டுவந்து சேர்க்கும். குளிருக்குப் பயந்து எல்லா ஜிப்பையும் மூடிவிடாதீர்கள். நம் மூச்சின் ஈரம் மேல்துணியில் படிந்து விடியற்காலையில் சொட்டும், ஆகவே மேலே உள்ள காற்றுத் துவாரத்தைத் திறந்தே வையுங்கள். காட்டெருமை தென்பட்டால் டார்ச் அடிக்காமல், நெருங்காமல், நண்பர் வீட்டுக்குள் போய்விடுங்கள்.

பேளூர்ப் பக்கம் மண் தரை என்பதால் வேலை எளிது. முளையின் தலை கூடாரத்திலிருந்து விலகிச் சாய்ந்திருக்குமாறு அடித்தால் போதும்.

ஏழாம் படி: கைநிறையச் செல்லுதல்

சேலத்திலிருந்து தட்டுவடையும், பருவமானால் மாம்பழமும் மலைக்கு எடுத்துச் செல்கிறேன். மலை நண்பர் தரும் மிளகும் காப்பித்தூளும் பேளூர் நண்பரின் அம்மாவுக்குப் போகின்றன. அவர் தரும் குச்சிக்கிழங்கும் தேங்காயும் எங்கள் வீட்டுக்கு வருகின்றன. கடைசி நாளில் இவை எப்போதும் எதிர்பார்த்ததைவிடக் கனமாக இருக்கும், ஆகவே பக்கவாட்டுப் பைகளில் இடம் விட்டு வையுங்கள். பாசத்தோடு கொடுத்த கிழங்கு மூட்டையையும் வாலில் கட்டக்கூடாது.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

கியர் இல்லாத ஸ்கூட்டரில் செல்லலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். செல்லலாம். கனமான பொருள்களைக் கால் வைக்கும் பலகையில் வைத்தால் எடை தாழ்வாகவும் முன்னாலும் அமையும். ஆனால் காலை ஊன்ற இடம் விடுங்கள். இறக்கத்தில் பிரேக்கையே நம்ப வேண்டியிருப்பதால், நான்கைந்து வளைவுகளுக்கு ஒருமுறை நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான டிஸ்க்கின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

இன்னொருவர் வயலில் தங்கி, நள்ளிரவில் கூடாரத்துக்குள் தண்ணீர் புகுந்ததை எழுதியிருந்தார். நான் சொல்லாமல் விட்ட செய்தி இது, அவருக்கு நன்றி. பம்புசெட்டுக்கு மும்முனை மின்சாரம் வரும் நேரத்தை ஒட்டியே தண்ணீர் பாய்ச்சுவார்கள், அது இரவாகவும் இருக்கலாம். அன்றிரவு எந்தப் பாத்திக்கு மடை திறக்கப்படும் என்று நண்பரிடம் கேட்டு, வாய்க்காலுக்கு மேட்டுப் பக்கமாகக் கூடாரம் அடியுங்கள். பேளூரில் நான் தென்னைக்கும் வரப்புக்கும் இடைப்பட்ட மேட்டில்தான் அடிக்கிறேன்.